காலர் டைட்டாகுது, முகம் வீங்குது: அடைப்பு எங்கே, ஏன்னு ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்குது?

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் கொஞ்சம் கனமானது. ஆனா கடைசி வரைக்கும் கேட்டீங்கன்னா, உங்க வீட்டுல யாருக்காவது நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்லும்போது, அந்த ரிப்போர்ட்டுல எதைத் தேடுறாங்கன்னு உங்களுக்குப் புரியும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒரு சிஸ்டத்துல எங்கே பிரச்சனைன்னு எப்படித் தேடுறாங்கங்கிற ஆர்வத்துலதான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. அறிகுறி இருந்தா டாக்டரைத்தான் பார்க்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒருத்தர் காலையில எழுந்திருக்கிறார். முகம் உப்பியிருக்கு, கண் இமை கனக்குது. மத்தியானத்துக்குள்ள கொஞ்சம் வடிஞ்சுடுது. தூக்கம் சரியில்லன்னு விட்டுடுறார். ரெண்டு வாரம் கழிச்சு, எப்பவும் போடுற சட்டையில காலர் பட்டன் மாட்ட முடியல. குனிஞ்சா தலைக்குள்ள ரத்தம் முட்டுற மாதிரி இருக்கு. கழுத்துலயும் நெஞ்சுலயும் நீல நீலமா கோடு புடைச்சு நிக்குது.

நம்ம ஊர்ல இதை 'நரம்பு புடைச்சிருக்கு'ன்னு சொல்லுவோம். உண்மையில அது நரம்பு இல்ல, சிரை. இதயத்துக்குத் திரும்பிப் போற ரத்தத்தைக் கொண்டு போற குழாய். அது புடைச்சிருக்குன்னா, போக வேண்டிய ரத்தம் போக வழியில்லாம நிக்குதுன்னு அர்த்தம்.

நான் வளர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. குழித்தறியில நெய்யறவங்களைப் பார்த்திருக்கிறவங்களுக்குத் தெரியும். காலைக் குழிக்குள்ள விட்டு, தரை மட்டத்துல உட்காரணும். பாவுல ஒரு இழை அறுந்தா முன்னாடி குனிஞ்சுதான் பிணைக்கணும். இப்படி நாள் முழுக்கக் குனியற வேலை செய்யறவங்களுக்கு இந்த அடைப்பு வந்தா, அது முதல்ல தெரியற இடம் தறியாவே இருக்கலாம். ஏன்னா குனியும்போதுதான் இந்தத் தொந்தரவு கூடும்.

ஏழு சென்டிமீட்டர் குழாய்

பத்தாங்கிளாஸ் அறிவியல் புத்தகத்துல இதயத்தோட படம் ஞாபகம் இருக்கா? வலது மேலறைக்குள்ள மேலே இருந்து ஒரு நீலக் குழாய் வந்து இறங்கும். அதுதான் மேற்பெருஞ்சிரை. இங்கிலீஷ்ல சுப்பீரியர் வீனா கேவா. தலை, கழுத்து, ரெண்டு கை, நெஞ்சோட மேல்பகுதி, இங்கிருந்தெல்லாம் வர்ற ரத்தம் இதயத்துக்குத் திரும்புற மெயின் ரோடு இதுதான். இதயத்துக்குத் திரும்பி வர்ற மொத்த ரத்தத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இந்த வழியா வருது.

இவ்வளவு முக்கியமான குழாயோட நீளம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்தான். அகலம் சுமாரா 2 சென்டிமீட்டர். அது இருக்கிற இடமும் நெரிசலானது. ஒரு பக்கம் மூச்சுக்குழாய், இன்னொரு பக்கம் மகாதமனி, பக்கத்துலயே வலது நுரையீரல், சுத்தி நிணநீர்க் கணுக்கள், முன்னாடி நெஞ்செலும்பு. நகர்ந்து வழிவிட இடமே கிடையாது.

தமனிக்குத் தடிச்ச சுவர் உண்டு, உள்ளே அழுத்தமும் அதிகம். பக்கத்துல ஏதாவது வளர்ந்து அமுக்கினா கொஞ்சம் தாங்கும். சிரையோட சுவர் மெல்லிசு, அழுத்தமும் குறைவு. அதனால அந்த நெரிசல்ல எது வீங்கினாலும் முதல்ல நசுங்குறது இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. 'மேற்பெருஞ்சிரை அடைப்பு'ங்கிறது ஒரு நோயோட பேர் இல்ல. அது ஒரு இடத்தோட பேர். 'மூங்கில் மண்டபம் சிக்னல்ல டிராஃபிக் ஜாம்'னு சொல்ற மாதிரி. ஜாம் எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு. லாரி கவிழ்ந்துதா, பள்ளம் தோண்டியிருக்காங்களா, ஊர்வலம் போகுதான்னு இன்னும் தெரியல.

கருட சேவை அன்னைக்கு காந்தி ரோடு

வைகாசி மாசம் கருட சேவை அன்னைக்குக் காஞ்சிபுரம் வந்திருக்கீங்களா? வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பிப் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் வருவார். அன்னைக்குக் காந்தி ரோட்டுல வண்டி ஓட்ட நினைக்கவே முடியாது. ஆனா ஊர்க்காரங்க வீட்டுக்குப் போகாமலா இருக்காங்க? சந்து சந்தாப் புகுந்து போயிடுவாங்க. சாதாரண நாள்ல சைக்கிள் மட்டும் போற சந்துல அன்னைக்கு ஆட்டோ, பைக் எல்லாம் வரிசையா நிக்கும்.

உடம்பும் இதைத்தான் செய்யுது. மெயின் சிரை அடைச்சா, ரத்தம் சின்னச் சின்னச் சிரைகளைத் தேடிப் போகும். நெஞ்சுத் தோலுக்கு அடியில, முதுகெலும்பு ஓரமா, மார்பெலும்புக்குப் பின்னாடி. சும்மா கிடந்த சந்துகள் விரிஞ்சு ரோடாகிடும். நெஞ்சுல தெரியற நீலக் கோடுகள் அந்தச் சந்துகள்தான்.

இதுல பெரிய பைபாஸ் ஒண்ணு உண்டு. அசைகஸ் சிரைன்னு பேர். முதுகெலும்புக்கு வலது பக்கமா ஏறி வந்து, மேற்பெருஞ்சிரையோட பின்பக்கத்துல சேரும். அடைப்பு இந்த ஜங்ஷனுக்கு மேலேயா, கீழேயாங்கிறதுலதான் பாதிக் கதை இருக்கு. மேலேன்னா, ரத்தம் அசைகஸ் வழியா சுத்தி வந்து, அடைப்பைத் தாண்டி இதயத்துக்குள்ள போயிடும். தொந்தரவு கொஞ்சம் குறைவு. ஜங்ஷன்லயோ அதுக்குக் கீழேயோ அடைச்சா, ரத்தம் அசைகஸ்ல தலைகீழா இறங்கி, வயித்துப் பக்கம் போய், கீழ்ப்பெருஞ்சிரை வழியாத்தான் இதயத்துக்கு வரணும். அது ரொம்பச் சுத்து. வீக்கமும் அதிகமா இருக்கும்.

1986ல ஸ்டான்ஃபோர்டு, டோட்டின்னு ரெண்டு டாக்டர்கள் இந்த அடைப்பை நாலு வகையாப் பிரிச்சாங்க. எவ்வளவு அடைச்சிருக்கு, அசைகஸ் திறந்திருக்கா, அதுல ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது, இதுதான் அந்தப் பிரிவுக்கு அடிப்படை. இப்பவும் ரேடியாலஜிஸ்ட்டுகள் அதைப் பயன்படுத்துறாங்க.

இன்னொண்ணு. மெதுவா மாசக்கணக்குல அடைச்சா, உடம்புக்குச் சந்துகளைத் திறக்க நேரம் கிடைக்கும். திடீர்னு அடைச்சா நேரமே கிடைக்காது. அதனால ஒரே அளவு அடைப்பு ஒருத்தருக்கு லேசான வீக்கமாவும், இன்னொருத்தருக்கு உயிர் பிரச்சனையாவும் இருக்கலாம்.

ஒரே வீக்கம், மூணு பேர்

இப்போ மூணு பேரைக் கற்பனை பண்ணிக்கோங்க. மூணு பேருக்கும் ஒரே மாதிரி முகம் வீக்கம், ஒரே மாதிரி நெஞ்சுல நீலக் கோடு.

முதல் ஆள், அறுபது வயசு, முப்பது வருஷமா பீடி. வலது நுரையீரல்ல வளர்ந்த கட்டி சிரையை அமுக்குது.

ரெண்டாவது ஆள், இருபத்தாறு வயசுப் பொண்ணு. நெஞ்சுக்கு நடுவுல நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கு. அது லிம்ஃபோமாவா இருக்கலாம், டிபியாவும் இருக்கலாம்.

மூணாவது ஆள், ஐம்பது வயசு, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் பண்றவர். கழுத்து வழியா போட்ட டியூபோட நுனி மாசக்கணக்கா அந்தச் சிரைக்குள்ளயே இருந்திருக்கு. டியூபைச் சுத்தி ரத்தம் உறைஞ்சிருக்கு, சிரையோட சுவரும் தடிச்சுச் சுருங்கியிருக்கு.

மூணு பேருக்கும் வைத்தியம் ஒண்ணா? முதல் ஆளுக்குப் புற்றுநோய் சிகிச்சை. ரெண்டாவது பொண்ணுக்கு டிபின்னா, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுற வகையா இருந்தா ஆறு மாச மாத்திரையில குணமாகலாம். லிம்ஃபோமான்னா கீமோ. மூணாவது ஆளுக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து, சுருங்கின இடத்தை பலூனால விரிக்கிறது, டியூபை எடுக்கிறதா வைக்கிறதாங்கிற முடிவு. ஒருத்தரோட மருந்தை இன்னொருத்தருக்குக் கொடுத்தா பிரயோஜனம் இல்ல, ஆபத்தும் உண்டு.

தறியிலயும் இதேதான். துணியில ஒரு குறை விழுந்தா, பாவு இழை அறுந்திருக்கலாம், அச்சுல கோளாறு இருக்கலாம், நாடாவுல ஊடை தீர்ந்திருக்கலாம். துணியை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா சரியாகாது. தறிக்குள்ள போய்ப் பார்க்கணும்.

வரலாற்றுலயும் காரணம் மாறிக்கிட்டே வந்திருக்கு. இந்த அடைப்பை முதல்ல விவரிச்சவர் வில்லியம் ஹண்டர்ங்கிற ஸ்காட்லாந்து டாக்டர், 1757ல. அவர் பார்த்த நோயாளிக்கு சிஃபிலிஸ் நோயால மகாதமனி பலூன் மாதிரி உப்பி, பக்கத்துல இருந்த சிரையை அமுக்கிடுச்சு. ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முன்னாடி சிஃபிலிஸும் டிபியும் முக்கியமான காரணங்களா இருந்தது. அப்புறம் புற்றுநோய் முன்னாடி வந்துடுச்சு. இன்னைக்குப் பாதிக்கு மேல புற்றுநோயாலதான், அதுலயும் நுரையீரல் புற்றுநோய்தான் முதல் இடம். கடந்த சில பத்தாண்டுகளா டயாலிசிஸ் டியூப், கீமோ போர்ட், பேஸ்மேக்கர் வயர் இதனால வர்றதும் கூடிக்கிட்டே போகுது. நம்ம நாட்டுல டிபி இன்னும் போகல, அதனால அந்தப் பழைய காரணத்தையும் இங்கே லிஸ்ட்ல இருந்து எடுக்க முடியாது.

முதல் படம் எக்ஸ்ரே, அப்புறம் சிடி

பெரும்பாலும் முதல்ல எடுக்கிறது சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே. ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை நிழல் அகலமாயிருக்கா, வலது பக்கம் கட்டி மாதிரி தெரியுதா, நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கா, எங்கேயாவது டியூபோ வயரோ போகுதா, இதெல்லாம் அதுல தெரியலாம். ஆனா ஒண்ணு, எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் அடைப்பு இல்லன்னு சொல்லிட முடியாது. உள்ளே உறைஞ்ச ரத்தம் எக்ஸ்ரேல தெரியாது. முன்னாடி இருக்கிறது, பின்னாடி இருக்கிறது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே நிழலாகிடும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில இருக்கிற பர்னார்டு ரேடியாலஜி இன்ஸ்டிடியூட் தொடங்கினது 1934ல. ஆனா அந்தக் காலத்துல கையில இருந்தது எக்ஸ்ரேதான். சிரைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும்னா மருந்தை ஊசியில ஏத்தி எக்ஸ்ரே எடுக்கணும். அது சிரையோட உள்பக்கத்தைக் காட்டும். வெளியில இருந்து அமுக்குறது என்னன்னு காட்டாது.

அந்தக் குறையைத் தீர்த்தது சிடி ஸ்கேன். அதை உருவாக்கினவர் நம்ம ஆளு, ஒரு எஞ்சினியர்! காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. யூனிவர்சிட்டி டிகிரி கிடையாது, எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் டிப்ளமோ. பாட்டு ரெக்கார்டு போட்ட அதே ஈ.எம்.ஐ. கம்பெனியில வேலை. 1971 அக்டோபர் 1ம் தேதி லண்டன்ல ஒரு மருத்துவமனையில முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தாங்க. 1979ல ஆலன் கார்மாக்கோட சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு.

அவர் பேர்ல ஒரு அளவு இருக்கு, ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். தண்ணி 0. காத்து மைனஸ் 1000. எலும்பு பல நூறுல. அதாவது சிடி படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு நம்பர். சாம்பல் நிறமாத் தெரியற ஒரு இடத்துல மவுஸை வச்சு, இது கொழுப்பா, நீரா, கால்சியம் படிஞ்சதான்னு நம்பரை வச்சே ஓரளவு சொல்லலாம். கோடு எழுதுற நமக்கு இது ரொம்பப் பழகின உலகம்.

மேற்பெருஞ்சிரையைப் பார்க்க, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை சிரையில ஏத்தி சிடி எடுப்பாங்க. மருந்து கலந்த ரத்தம் பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியும். அப்போ சிரையோட உள்பக்கமும் தெரியும், வெளியில இருக்கிற கட்டியும் தெரியும். ரெண்டும் ஒரே படத்துல. அதனாலதான் காரணத்தைத் தேட இன்னைக்கு இதுதான் முதல் கருவி.

ரேடியாலஜிஸ்ட் கேட்கிற மூணு கேள்வி

அந்தப் படத்தை வச்சுக்கிட்டு ரேடியாலஜிஸ்ட் என்ன பார்க்கிறார்? நான் படிச்சு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஒரு குழாய் அடைச்சா மூணு வாய்ப்புதான். வெளியில இருந்து ஏதோ அமுக்குது. இல்ல, சுவரே கெட்டுப்போச்சு. இல்ல, உள்ளே ஏதோ அடைச்சிருக்கு.

வெளியில இருந்து அமுக்கினா, சிரை ஒரு பக்கமாத் தள்ளப்பட்டு, தட்டையாகி, பிறை நிலா மாதிரி தெரியும். அப்போ அமுக்குறது எங்கே இருந்து வருதுன்னு பார்க்கணும். வலது நுரையீரல்ல இருந்து வளர்ந்த கட்டியா இருந்தா, நுரையீரல் புற்றுநோய் சந்தேகம். அப்போ அதே ஸ்கேன்ல கல்லீரல், அட்ரினல் சுரப்பி எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, பரவியிருக்கான்னு. நெஞ்செலும்புக்குப் பின்னாடி, முன்பக்கத்துல பெருசா மேடு பள்ளமா ஒரு கட்டி, அதுவும் இள வயசுன்னா, லிம்ஃபோமா, தைமஸ் கட்டி, இனச்செல் கட்டி இந்த மூணும் லிஸ்ட்ல வரும். இதுல இனச்செல் கட்டி இளைஞர்களுக்கு, அதுவும் ஆண்களுக்கு வர்றது. அதுக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி.ன்னு ரத்த டெஸ்ட் இருக்கு. ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும், ரத்த டெஸ்ட் அதை உறுதிப்படுத்த உதவும். கழுத்துல இருந்து நெஞ்சுக்குள்ள இறங்கின தைராய்டு வீக்கம், உப்பின மகாதமனி, இதெல்லாம் சிடியில நேராவே தெரிஞ்சுடும்.

கணுக்கள் வீங்கியிருந்தா இன்னும் நுணுக்கமாப் பார்க்கணும். டிபி கணுக்கள்ல பல நேரம் நடுவுல கருப்பா, ஓரம் மட்டும் வளையம் மாதிரி வெள்ளையாத் தெரியும். நடுப்பகுதி அழுகியிருக்கிறதால மருந்து உள்ளே போகாது. பழைய டிபின்னா கால்சியம் படிஞ்சு கல்லு மாதிரி பளிச்சுன்னு இருக்கும். லிம்ஃபோமாவுல சிகிச்சைக்கு முன்னாடி இந்தக் கால்சியம் அபூர்வம்.

சுவர் கெட்டுப்போறதுன்னா, நெஞ்சுக்கு நடுவுல நார்த்திசு படர்ந்து, எல்லாத்தையும் சேர்த்து இறுக்கிடும். அமெரிக்காவுல இதுக்குப் பெரும்பாலும் ஹிஸ்டோபிளாஸ்மாங்கிற பூஞ்சைதான் காரணம். நம்ம நாட்டுல டிபியைத்தான் முதல்ல நினைப்பாங்க. புற்றுநோய் சுவரைத் துளைச்சு உள்ளே வர்றதும் உண்டு.

உள்ளே அடைச்சிருந்தா, வெள்ளையா இருக்க வேண்டிய சிரைக்கு நடுவுல ஒரு கருப்புத் திட்டு தெரியும். வெளியில கட்டி எதுவும் இருக்காது. பக்கத்துல டியூபோ பேஸ்மேக்கர் வயரோ இருக்கும். இல்லன்னா முன்னாடி இருந்து எடுத்திருப்பாங்க. இங்கேதான் நோயாளி சொல்ற பழைய விவரம் ஸ்கேன் அளவுக்கு முக்கியம்.

படமும் ஏமாத்தும்

ஒரு கையில மட்டும் கான்ட்ராஸ்ட் ஏத்துறாங்கன்னு வச்சுக்கோங்க. அந்தக் கையில இருந்து வெள்ளை ரத்தம் வருது. இன்னொரு கையில இருந்தும் தலையில இருந்தும் மருந்து கலக்காத ரத்தம் வருது. ரெண்டும் சிரைக்குள்ள சந்திக்குது. சாயத் தொட்டியில சாயத்தை ஒரு ஓரமா ஊத்தினா உடனே கலந்துடுமா? கொஞ்ச நேரம் திட்டுத் திட்டாத்தான் நிக்கும். அதே மாதிரி சிடியிலயும் நடுவுல கருப்புத் திட்டு தெரியும். உறைஞ்ச ரத்தம்னு ஏமாறலாம்.

அதனால மருந்து ஏத்தி ஏறக்குறைய ஒரு நிமிஷம் விட்டு, எல்லாம் கலந்ததுக்கு அப்புறம் இன்னொரு தடவை படம் எடுப்பாங்க. சில நேரம் ரெண்டு கையிலயும் சேர்த்து மருந்து ஏத்துவாங்க. திட்டு ரெண்டு படத்துலயும் அதே இடத்துல அப்படியே நின்னா, அது நிஜமான அடைப்புதான்னு நம்பலாம். ஒரு பக் எப்பவாவது வருதா, எப்பவுமே வருதான்னு நாம திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதே லாஜிக்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொரு விஷயம். சந்து வழியா சுத்திப் போற ரத்தம் சில பேருக்கு நெஞ்சுச் சுவர்ல இறங்கி, தொப்புள் பக்கமா வந்து, கல்லீரலோட ஒரு பகுதிக்குள்ள போய்ச் சேரும். அப்போ கல்லீரலோட நாலாவது பகுதியில ஒரு இடம் மட்டும் பளிச்சுன்னு எரியும். வயித்தை மட்டும் ஸ்கேன் எடுத்தவங்க அதைக் கல்லீரல் கட்டின்னு நினைக்கலாம். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்த்ததும் மேலே நெஞ்சைப் பார்ப்பார். சிக்னல் வந்தது கல்லீரல்ல, கோளாறு நெஞ்சுல. லாக் ஒரு சர்வர்ல எரர் காட்டும், உண்மையான பிரச்சனை வேற சர்வர்ல இருக்கும், அந்த மாதிரி.

அல்ட்ராசவுண்டுக்கும் இதுல பங்கு உண்டு. மேற்பெருஞ்சிரை எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவுல இருக்கிறதால அதை நேராப் பார்க்கிறது கஷ்டம். ஆனா கழுத்து, தோள் பக்கத்துச் சிரைகள்ல டாப்ளர் வச்சுப் பார்த்தா, மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் ஏத்த மாதிரி ஏறி இறங்க வேண்டிய ஓட்டம் ஒரே சீரா தட்டையா இருந்தா, உள்ளே எங்கேயோ அடைப்புன்னு ஊகிக்கலாம். கான்ட்ராஸ்ட் ஒத்துக்காதவங்களுக்கு எம்.ஆர்.ஐ. இருக்கு. டியூபைச் சிரைக்குள்ள விட்டு எடுக்கிற வெனோகிராம், இன்னைக்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் வைக்கப் போற நேரத்துலதான் எடுக்கிறாங்க.

கட்டி தெரிஞ்சாச்சு, ஏன் இன்னும் மருந்து ஆரம்பிக்கல?

இந்த எபிசோடோட மையம் இதுதான். எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு நெஞ்சுல கட்டின்னு ஸ்கேன்ல வந்தப்போ, ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க அத்தை கேட்டது ஒரே கேள்வி. "அதான் படத்துல தெரிஞ்சுடுச்சேப்பா, இன்னும் எதுக்கு நாள் கடத்துறாங்க?" கேக்கத்தானே செய்வாங்க. கண்ணு முன்னாடி மனுஷன் முகம் வீங்கிக் கிடக்கார்.

அத்தைக்குப் பதில் இதுதான். படம், எங்கே, எவ்வளவு, எதனால இருக்கலாம்னு சொல்லும். 'இதுதான்'னு பேர் வைக்கிறது திசு. ரெண்டாவதா சொன்ன இருபத்தாறு வயசுப் பொண்ணை நினைச்சுக்கோங்க. ஸ்கேன்ல வீங்கின கணுக்கள். டிபியும் லிம்ஃபோமாவும் சில நேரம் ஒண்ணு போலவே தெரியும். ஒண்ணுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொண்ணுக்கு உதவாது. அதனால பயாப்சி வேணும்.

பயாப்சி எடுக்கவும் ஸ்கேன்தான் வழிகாட்டி. எங்கே இருந்து சுலபமா, ஆபத்து குறைவா எடுக்கலாம்னு அதுதான் காட்டும். கழுத்துல ஒரு கணு வீங்கியிருந்தா, அல்ட்ராசவுண்டு வச்சு அங்கேயே ஊசி போட்டு எடுத்துடலாம், நெஞ்சுக்குள்ள போகவே வேண்டாம். இல்லன்னா சிடி பார்த்துக்கிட்டே ஊசி விடுவாங்க. இல்லன்னா மூச்சுக்குழாய் வழியா சின்ன அல்ட்ராசவுண்டு கருவியை விட்டு எடுப்பாங்க. சிரைகளெல்லாம் உப்பியிருக்கிறதால ரத்தக் கசிவு ஆபத்து உண்டு, அதனால வழியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாங்க.

முன்னாடி இந்த அடைப்புன்னாலே அவசரம்னு சொல்லி, என்ன நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே கதிர்வீச்சு கொடுத்துடுவாங்க. இப்போ அந்த வழக்கம் மாறியிருக்கு. ஏன்னா, முதல்லயே கதிர்வீச்சு கொடுத்தா, அப்புறம் எடுக்கிற திசுவுல நோய் என்னன்னு படிக்க முடியாம போகலாம். ஸ்டீராய்டும் அப்படித்தான். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டுக்கு வேகமாக் கரைஞ்சுடும். வீக்கம் குறையும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா பயாப்சியில ஒண்ணும் சிக்காது. வீட்டுல இருக்கிற பழைய ஸ்டீராய்டு மாத்திரையை முகம் வீங்குதுன்னு யாரும் போட்டுக்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

விதிவிலக்கு உண்டு. மூச்சுக்குழாய் நசுங்கி மூச்சு இழுக்கும்போது கீச்சுன்னு சத்தம் வருது, குழப்பமாப் பேசுறாங்க, மயங்கி விழறாங்கன்னா காத்திருக்கவே கூடாது. அப்போ மூச்சைக் காப்பாத்துறதுதான் முதல் வேலை. இந்த மாதிரி நேரத்துல ஸ்டென்ட் பெரிய உதவி. உலோக வலைக் குழாயை உள்ளே வச்சு விரிச்சா, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள்லயே வீக்கம் நல்லாக் குறையும். கட்டியோட திசுவை அது கெடுக்காது, அதனால பயாப்சியும் அப்புறம் எடுக்கலாம்.

அத்தைகிட்ட வார்டுல இருந்த ஒரு டாக்டர் கடைசியில சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "அம்மா, நாங்க சும்மா இல்ல, தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்"னார். இப்போ இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் அந்த வார்த்தை எனக்கு இன்னும் நல்லாப் புரியுது.

நீங்க என்ன செய்யலாம்?

முகம், கழுத்து, கை சேர்ந்து வீங்குது, குனிஞ்சா இல்ல படுத்தா கூடுது, நெஞ்சுல புதுசா நீலக் கோடுன்னா, அலர்ஜின்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. டாக்டரைப் பாருங்க. மூச்சுத் திணறலோ மயக்கமோ குழப்பமோ இருந்தா உடனே 108.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே, சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. மாசத்துக்கு முன்னாடி படம் எப்படி இருந்ததுங்கிறது பெரிய தகவல். எப்பவாவது டயாலிசிஸ் டியூப், கீமோ போர்ட், பேஸ்மேக்கர் போட்டிருந்தா, எடுத்துட்டாலும் சொல்லுங்க. முன்னாடி டிபி வந்திருந்தாலும் சொல்லுங்க. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை, கான்ட்ராஸ்ட் ஒத்துக்காம போனது, கர்ப்பம், எதையும் மறைக்காதீங்க. இந்த அடைப்பு இருக்கிறவங்களுக்கு நேரா மல்லாந்து படுக்கிறதே கஷ்டம். மேஜையில ஏறுறதுக்கு முன்னாடியே டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க. சிடின்னா படம் எடுக்கிற நேரம் சில விநாடிதான், அதுக்கு ஏத்த மாதிரி அவங்க ஏற்பாடு பண்ணுவாங்க.

காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். புற்றுநோய் சந்தேகம்னா எல்லாரும் உடனே சென்னை பஸ்தான் தேடுவாங்க. நம்ம ஊர்லயே காரப்பேட்டையில அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. இந்த ஊர்ல பிறந்து, 1969ல புற்றுநோயால இறந்துபோன முதலமைச்சரோட பேர்ல. டிபின்னு முடிவானா, அதுக்கான மாத்திரை அரசுத் திட்டத்துல இலவசம். மாத்திரையை வீட்டுல இருந்தே சாப்பிட்டு டிபியைக் குணப்படுத்தலாம்னு உலகத்துக்கு நிரூபிச்ச ஆய்வும் 1950கள்ல சென்னையில நடந்ததுதான்.

கடைசியா ஒண்ணு. உங்க வீட்டுல யாருக்காவது ஸ்கேன் ரிப்போர்ட் வந்தா, 'கட்டி இருக்கா இல்லையா'ன்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க. அடைப்பு எந்த இடத்துல? வெளியில இருந்தா, சுவரா, உள்ளேயா? பேர் உறுதி பண்ண எங்கே இருந்து திசு எடுக்கப் போறீங்க? இந்த மூணையும் கேளுங்க. நோயாளிக்குக் கேக்க சக்தி இருக்காது. கூடப் போற நீங்கதான் கேக்கணும்.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வீட்டுல பெரியவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நண்பர் யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வையுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.